மறுவுலகத்துக்கு உள்ளூரிலேயே வழி

திங்கள், ஃப்ளோரன்ஸ்

இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் ‘டிவைன் காமெடி’ காவியத்தில் நரகம், செத்தவர்கள் பாவம் தீர்க்கும் உத்தரிக்கும் தலம், மோட்சம் மூன்றையும் 1300ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்திலேயே சுற்றி முடித்துவிடுகிறார். மூன்று காண்டம், நூறு சருக்கம், 14,233 வரி. எங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் விடுப்பு. ஆனால் நாங்கள் தேடி வந்தது அவருடைய மறுவுலகத்தை அல்ல, அதற்கு அவர் சொல்லும் அடையாளங்களை. நரகத்தில் ஒரு குழி எப்படி இருக்கும் என்று கேட்டால் "எங்கள் ஊர் ஞானஸ்நானத் தொட்டி மாதிரி" என்பார். அரக்கன் எப்படிக் குனிவான் என்றால் போலோன்யாவில் ஒரு கோபுரத்தைக் காட்டுவார். செத்தவர்கள் உலகத்துக்கு உயிரோடிருக்கும் ஊர்களை வைத்தே வழி சொல்கிற ஆள். அந்த இடங்களில் பலவற்றுக்கு இன்றைக்கும் ரயிலும் பஸ்ஸும் போகின்றன.

என் மனைவி தூத்துக்குடி கத்தோலிக்கக் குடும்பம். நான் பக்கத்து ஊர்ச் சிவன் கோயில் தெரு. தாந்தேயின் சட்டப்படி நான் நரகத்தின் முதல் வட்டமான லிம்போவைத் தாண்ட முடியாது. ஞானஸ்நானம் பெறாத நல்லவர்களுக்கான இடம் அது. ஹோமரும் அரிஸ்டாட்டிலும் அங்கேதான் இருக்கிறார்கள். "அதுவரைக்கும் சேர்ந்து வாங்க, அப்புறம் நான் மேலே போய்க்கிறேன்" என்று விமானத்திலேயே சொல்லிவிட்டாள்.

முதலில் சான் ஜொவான்னி ஞானஸ்நான ஆலயம். 1265இல் பிறந்த தாந்தேக்கு இங்கேதான் ஞானஸ்நானம். கூரை மொசைக்கில் ஒரு பெரிய சாத்தான் உண்டு. வாயில் ஒருவனைத் தின்றுகொண்டிருக்கும், காதுகளிலிருந்து கிளம்பும் பாம்புகள் ஆளுக்கொருவனைக் கவ்வியிருக்கும். நரகத்தின் அடியில் மூன்று வாயால் மூன்று துரோகிகளை மெல்லும் லூசிஃபரை எழுதியவர், இதைப் பார்த்து வளர்ந்தவர். நாங்கள் போனபோது சீரமைப்புக்காகச் சாரம் கட்டிச் சாத்தானை மறைத்துவிட்டார்கள்.

அதனால் தரையைப் பார்த்தோம், அதுவும் நல்லதாகவே போயிற்று. வேலைப்பாடு நிறைந்த பளிங்குத் தரைக்கு நடுவே எட்டு மூலையாக ஓர் இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. தாந்தே காலத்துத் தொட்டி நின்ற இடம். பாதிரியார் நிற்பதற்குச் சுற்றிலும் குழிகள் வைத்த தொட்டி. அதில் மூழ்கப்போன ஒருவனைக் காப்பாற்றத் தானே அதை உடைத்ததாக நரகத்தின் 19ஆம் சருக்கத்தில் போகிறபோக்கில் சொல்கிறார். சபைப் பதவிகளை விற்ற போப்பாண்டவர்களை அதே அளவுக் குழிகளில் தலைகீழாக நட்டு, உள்ளங்காலில் தீ வைக்கிறார். மோட்சத்தின் 25ஆம் சருக்கத்தில் மறுபடி அதே தொட்டி வருகிறது: என்றாவது ஊர் திரும்பி, அந்தத் தொட்டியருகே நின்று கவிஞனாக முடிசூடுவேன் என்கிறார். அவர் திரும்பவே இல்லை. தொட்டியையும் 16ஆம் நூற்றாண்டில் எடுத்துவிட்டார்கள்.

‘தாந்தே வீடு’ என்கிற அருங்காட்சியகம் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. நேரமில்லாதவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம். அதைவிட வியா தெல் கோர்சோ தெருச் சுவரில் இருக்கும் சின்னக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். காவியத்தில் வரும் இடங்களையும் குடும்பங்களையும் சொல்லும் இப்படிப்பட்ட கல்வெட்டுகளை ஊர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். இது ஃபிலிப்போ அர்ஜென்தி என்ற உள்ளூர்க்காரருக்கானது. நரகச் சேற்றில் கிடக்கும் அவர் தாந்தேயின் படகைப் பிடிக்கக் கை நீட்டுகிறார். தாந்தே இரக்கப்படவில்லை, "இவனை இன்னும் ஒரு முக்கு முக்கினால் பார்த்துவிட்டுப் போகலாம்" என்கிறார். அதுவும் நடக்கிறது. அடுத்த தெருக்காரன் மேல் இருந்த கோபத்துக்கு எழுநூறு வருட ஆயுள்!

செவ்வாய், ஃப்ளோரன்ஸ்

காலை உணவில் ரொட்டி சப்பென்று இருந்தது. ஃப்ளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி வட்டாரத்து ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவர்களுக்கு இது சோதனைதான். ஆனால் மோட்சத்தில் தாந்தேயின் மூதாதை கச்சாகுய்தா அவரிடம் சொல்வது புரிய இந்த ரொட்டியைத் தின்றுதான் ஆக வேண்டும்: அடுத்தவர் ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவர் வீட்டுப் படி ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்று நீ அறிவாய். மொழிபெயர்ப்பில் படித்தபோது கண்ணீரின் உப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதோடு, ஃப்ளோரன்ஸ்காரன் வெளியூரில் முதல் கவளத்திலேயே உணரக்கூடிய சாதாரண சமையல் உப்பும்தான் அது.

வெளியூர் போக நேர்ந்த கதை சுருக்கமாக. ஊர் வெள்ளைக் கட்சி, கறுப்புக் கட்சி என்று பிரிந்து கிடந்த காலம். தாந்தே வெள்ளை. 1300இல் இரண்டு மாதம் ஊரை ஆளும் ‘ப்ரியோர்’களில் ஒருவராக இருந்தார். 1301இல் போப்பாண்டவரிடம் தூது போன நேரத்தில் கறுப்புக் கட்சி ஊரைப் பிடித்தது. 1302 ஜனவரியில் ஊழல் குற்றச்சாட்டு, அபராதம். ஆள் வரவில்லை என்றதும் மார்ச்சில், கையில் கிடைத்தால் உயிரோடு எரிப்பது என்று தீர்ப்பு. ஃப்ளோரன்ஸ் நகர மன்றம் அதை ரத்து செய்யத் தீர்மானம் போட்டது 2008இல்.

மாலையில் சான் மினியாட்டோ மலை ஏறினோம். உத்தரிக்கும் தலம் ஏழு அடுக்குள்ள ஒரு மலை. அகந்தைக்கான முதல் அடுக்கு முடிந்து அடுத்ததற்கு ஏறும் படிகள் எப்படி இருந்தன? ஃப்ளோரன்ஸ் பாலத்துக்கு மேலே, கோயிலுக்குப் போகும் வழியில் வலப்பக்கமாகச் செங்குத்துச் சரிவை உடைத்துப் படி வெட்டியிருக்கிறார்களே, அப்படி. சொல்லும்போதே ஊரை ஒரு குத்து குத்துகிறார்: கணக்குப் புத்தகமும் அளவு மரக்காலும் பத்திரமாக இருந்த காலத்தில் வெட்டிய படிகளாம் அவை. உப்பு அளக்கும் மரக்காலில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு அளந்த அதிகாரிகள் அவர் காலத்தில் இருந்தார்கள்.

படிகள் நிஜமாகவே முழங்காலைப் பதம் பார்க்கின்றன. காவியத்தில் இந்த இடத்தில் ஒரு தேவதூதர் தாந்தேயின் நெற்றியிலிருந்து ஒரு பாவக்குறியை அழிப்பார், உடனே உடம்பு லேசாகிவிடும். எங்களுக்கு மேலே ஒரு குழாயில் குளிர்ந்த தண்ணீர் கிடைத்தது.

இறங்கும் வழியில் சான்டா க்ரோச்சே. மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி எல்லோரும் இங்கே கல்லறைக்குள். தாந்தேக்கும் 1829இல் பிரம்மாண்டமாக ஒன்று எழுப்பினார்கள், உள்ளே ஒன்றும் கிடையாது.

புதன், மொன்டெரிஜ்ஜோனி

சியெனாவிலிருந்து பஸ். சாலையோரத்தில் இறக்கிவிட்டார்கள், அங்கிருந்து மேடு. நரகத்தின் 31ஆம் சருக்கத்தில், அரையிருட்டில் தூரத்தே கோபுரங்கள் தெரிவதாகத் தாந்தேக்குத் தோன்றும். "அவை கோபுரங்கள் இல்லை, இடுப்புவரை குழிக்குள் நிற்கும் அரக்கர்கள்" என்று அவருக்கு வழிகாட்டியாக வரும் ரோமானியக் கவிஞர் விர்ஜில் கையைப் பிடித்துச் சொல்வார். வட்டமதிலில் கோபுரங்களை முடியாகச் சூடிய மொன்டெரிஜ்ஜோனி போல அவர்கள் குழியைச் சுற்றி நிற்கிறார்கள்.

13ஆம் நூற்றாண்டில் சியெனாக்காரர்கள் கட்டிய மதில், பதினான்கு கோபுரங்கள். உள்ளே ஒரு சதுக்கம், ஒரு கோயில், ஐஸ்கிரீம் கடைகள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். கோபுரங்கள் பின்னாளில் உயரம் குறைக்கப்பட்டவை, மதில்மேல் நின்று பார்த்தால் அரக்கன் எவனும் தெரிவதில்லை. திரும்ப பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி வந்து நின்றபோதுதான் தெரிந்தார்கள். கீழே சாலையிலிருந்து பார்ப்பவனுக்கான உவமை இது, பயணத்திலேயே இருந்த மனிதரின் கண்.

வியாழன், போப்பி

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் இதற்கு வாருங்கள்.

அரெஸ்ஸோவிலிருந்து ஆர்னோ பள்ளத்தாக்கில் மேலே போகும் சின்ன ரயில். போப்பி மலைமேல் குய்தி பிரபுக்களின் கோட்டை. அதன் கீழே விரியும் சமவெளிதான் காம்பல்தீனோ. 1289 ஜூன் 11 அன்று ஃப்ளோரன்ஸ் படையும் அரெஸ்ஸோ படையும் இங்கே மோதின. ஃப்ளோரன்ஸ் குதிரைப்படையில் 24 வயது தாந்தேயும் இருந்தார். இன்றைக்கு அங்கே சாலை, தொழிற்கூடங்கள், சோளம், ஓரமாக ஒரு நினைவுத்தூண்.

எதிர்ப்படையின் தலைவர்களில் ஒருவர் பொன்கொன்தே. போரில் செத்தார், உடல் கிடைக்கவே இல்லை. பத்திருபது வருடம் கழித்து, ஊரை இழந்த தாந்தே அதே எதிரியை உத்தரிக்கும் தலத்தின் அடிவாரத்தில் சந்திப்பதாக எழுதுகிறார். கேட்பது ஒரே கேள்வி: எந்த விசை உன்னைக் காம்பல்தீனோவிலிருந்து இழுத்துப் போனது, உன் புதைகுழி யாருக்கும் தெரியாமல் போனதே?

பொன்கொன்தே சொல்கிறார். தொண்டையில் காயத்தோடு, சமவெளியெல்லாம் ரத்தம் சிந்த, ஆர்கியானோ ஓடை ஆர்னோவில் கலக்கும் இடம்வரை ஓடினேன். கண் இருண்டது. பேச்சு மரியாளின் பெயரில் நின்றது. கைகளை மார்பில் சிலுவையாக மடித்துக்கொண்டு விழுந்தேன். வானதூதர் ஆன்மாவை எடுத்துக்கொண்டார். நரகத்துத் தூதன் கத்தினான்: "ஒரு சொட்டுக் கண்ணீருக்காக இவனுடைய அழியாத பாதியை நீ கொண்டுபோகிறாய், மீதியை நான் கவனித்துக்கொள்கிறேன்." மலையிலிருந்து மழையைக் கிளப்பினான். வெள்ளம் என் விறைத்த உடலை ஆர்னோவில் தள்ளியது, மடித்த கைகளைப் பிரித்தது, கரையிலும் அடியிலும் உருட்டி, வண்டலால் மூடியது.

பிப்பியேனாவுக்குப் பக்கத்தில் அந்தச் சங்கமத்துக்கு டாக்சியில் போனோம். பெரிய காட்சி ஒன்றும் இல்லை. இரண்டு ஓடைகளும் கணுக்கால் ஆழம். கூழாங்கற்கள், கரையில் பாப்லர் மரங்கள், கிளைகளில் சிக்கிக் கிடக்கும் பழைய வெள்ளத்துப் புல்லும் பாலிதீனும். அந்தப் புல் சிக்கியிருந்த உயரத்தை டாக்சிக்காரர் கையால் காட்டினார், என் தலைக்கு மேலே. மழைக்காலத்தில் அங்கேவரை ஏறுமாம். சாத்தான் கிளப்பினானோ இல்லையோ, இந்த வெள்ளத்தைத் தாந்தே அறிந்தே எழுதியிருக்கிறார்.

பொன்கொன்தே இன்னொன்றும் சொல்கிறார்: ஜொவான்னாவோ மற்றவர்களோ என்னைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அதனால் இங்கே தலைகுனிந்து நடக்கிறேன். ஜொவான்னா அவர் மனைவி. பூமியில் இருப்பவர்கள் வேண்டினால்தான் உத்தரிக்கும் தலத்தில் இருப்பவர்களின் காலம் குறையும். என் மனைவிக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று ஊரில் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவது இதற்குத்தான். "யாரும் இல்லாத கல்லறைக்கும் எங்கம்மா ஒரு வத்தி வைப்பாங்க" என்றாள். பையில் மெழுகுவத்தி இல்லை. தண்ணீரோரம் நின்று ஒரு மரியே வாழ்க சொன்னாள்.

இதே மனிதரின் அப்பா குய்தோவைத் தாந்தே நரகத்தில் போட்டிருக்கிறார். அவர் கடைசிக் காலத்தில் துறவியாகி, போப்பாண்டவரிடமே முன்கூட்டிப் பாவமன்னிப்பு வாங்கியவர். அப்பாவுக்கு அத்தனை ஏற்பாடும் பலிக்கவில்லை, பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் போதுமாயிருந்தது.

கோட்டை ஜன்னலிலிருந்து எதிரே ரொமேனா குன்று. கள்ள ஃப்ளோரின் நாணயம் அடித்து 1281இல் எரிக்கப்பட்ட ஆதாம் என்பவர் நரகத்தில் மகோதரம் கண்டு, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டு இந்தப் பசும் குன்றுகளின் ஓடைகளையே நினைத்துக்கொண்டிருப்பார். அடிக்கச் சொன்னவர்கள் குய்தி பிரபுக்கள். அந்தக் குடும்பத்திலேயே தாந்தே பிற்பாடு விருந்தாளியாகவும் தங்கியிருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்களோ!

வெள்ளி, போலோன்யா

அரக்கன் அன்தேயுஸ் தாந்தே, விர்ஜில் இருவரையும் கையில் எடுத்து நரகத்தின் அடித்தளத்தில் வைக்கக் குனிகிறான். கரிசென்டா கோபுரத்தின் சாய்ந்த பக்கத்தில் நின்று, மேகம் ஒன்று எதிர்த்திசையில் கடக்கும்போது பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி. 48 மீட்டர் உயரம். தாந்தே பார்த்தது இன்னும் உயரமானது, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பயந்துபோய்க் குறைத்தார்கள். அந்தப் பயம் இன்னும் தீரவில்லை, 2023 அக்டோபரிலிருந்து சுற்றிலும் தடுப்பு.

தடுப்புக்கு வெளியே கழுத்து வலிக்க நின்றோம். முக்கால் மணி நேரம் மேகமே இல்லை. வந்தபோது சட்டென்று வந்தது: மேகம் அசைவது நின்றுபோய்க் கோபுரம் நம்மேல் இறங்குகிறது. கால் தானாகப் பின்னால் எடுத்து வைக்கிறது. பக்கத்தில் பீட்சா தின்றுகொண்டிருந்த மாணவர்கள் சிரித்தார்கள்.

நம் வீரமாமுனிவர், அதாவது கொன்ஸ்தான்சோ பெஸ்கி, தமிழ்நாட்டுக்குக் கப்பலேறும் முன் இயேசு சபையில் பயிற்சி பெற்றது இந்த ஊரிலும், நாளை நாங்கள் போகும் ரவென்னாவிலும்தான். தேம்பாவணியும் மூன்று காண்டம். அதற்குமேல் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் அவரும் இந்தக் கோபுரத்தைக் கடந்து நடந்திருப்பார்.

சனி, ரவென்னா

ரயிலில் மோட்சத்தின் 19ஆம் சருக்கம் படித்தேன். வியாழன் கோளில் நீதிமான்களின் ஆன்மாக்கள் கழுகு வடிவில் கூடி நின்று, தாந்தேயின் மனத்தில் இருக்கும் கேள்வியைத் தாங்களே சொல்கின்றன: சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லவோ எழுதவோ அங்கே ஆள் இல்லை. அவன் சொல்லிலும் செயலிலும் குற்றம் இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கும் நீதி எங்கே இருக்கிறது? அவன் தப்பு என்ன?

கழுகின் பதில் எனக்குத் திருப்தியில்லை. சாண் தூரம் பார்க்கும் கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்கிறது. ஆனால் தாந்தேக்கும் முழுத் திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சருக்கத்திலேயே இரண்டு புறச்சமயத்தாரைக் கழுகின் கண்ணோரம் வைத்துவிடுகிறார். ஒருவர் டிராஜன் பேரரசர். இன்னொருவர் ரிஃபேயுஸ், விர்ஜிலின் காவியத்தில் சில வரிகளே வரும் டிராய்க்காரர். அவரை உலகுக்கு அறிமுகம் செய்த விர்ஜில் மட்டும் லிம்போவில். "பாருங்க, சிபாரிசு இருந்தா நீங்களும் வரலாம்" என்றாள் மனைவி.

தாந்தே வெனிசுக்குத் தூது போய்த் திரும்பும்போது சதுப்பு நிலக் காய்ச்சல் கண்டு, 1321 செப்டம்பர் 13 இரவு இங்கே இறந்தார். சமாதி சின்னது, பத்துப்பேர் நுழைந்தால் நிறைந்துவிடும். கல்லில் லத்தீன் வரிகள், கடைசியில் ஃப்ளோரன்ஸை ‘அன்பு குறைந்த தாய்’ என்கிறது. கூரையிலிருந்து தொங்கும் விளக்குக்கு ஒவ்வொரு செப்டம்பரும் எண்ணெய் கொண்டுவருவது அந்த ஃப்ளோரன்ஸ்தான்.

எலும்புகளின் கதை தனி. 1519இல் ஃப்ளோரன்ஸ்காரர்கள் போப்பாண்டவர் பத்தாம் லியோவிடம் அனுமதி வாங்கி எடுக்க வந்தார்கள். கல்லறை செய்து தருகிறேன் என்று மைக்கலாஞ்சலோவும் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். திறந்தால் பெட்டி காலி. பிரான்சிஸ்கன் துறவிகள் மடத்துப் பக்கச் சுவரில் துளை போட்டு எடுத்துவிட்டார்கள். நெப்போலியன் காலத்தில் மடத்தை விட்டுப் போனபோது அவற்றைச் சுவருக்குள் வைத்து மூடினார்கள். அதன்பின் யாருக்கும் தெரியவில்லை. 1865இல் பழுதுபார்க்க வந்த ஒரு கொத்தனாரின் கைக்கு மரப்பெட்டி தட்டுப்பட்டது. மேலே ‘தாந்தேயின் எலும்புகள்’ என்று 1677ஆம் வருடக் குறிப்பு. சாவுக்குப் பின் காணாமல் போன மோட்சத்தின் கடைசி 13 சருக்கங்களும், மகன் கண்ட கனவின்படி, சுவருக்குள்தான் கிடைத்ததாகத் தாந்தேயின் வாழ்க்கையை எழுதிய போக்காச்சியோ சொல்லியிருக்கிறார். ரவென்னாச் சுவர்களை நம்பலாம் போல.

பக்கத்தில் சான் ஃப்ரான்செஸ்கோ, அவருடைய இறுதிச் சடங்கு நடந்த கோயில். பீடத்துக்குக் கீழே நிலவறையில் நிலத்தடி நீர் நிரம்பி, மொசைக் தரை அதற்குள் கிடக்கிறது. நாணயம் போட்டால் விளக்கு எரியும். லத்தீன் எழுத்துகளுக்கு மேலே பொன்மீன்கள் நீந்துகின்றன. நாங்கள் மூன்று முறை போட்டோம்.

மாலையில் சமாதி வாசலில் ஒரு சருக்கம் வாசித்தார்கள். 2020இலிருந்து தினமும் நடக்கிறது. ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். இன்றைக்கு வாசித்தவர் காய்கறிப் பையோடு வந்திருந்த ஒரு வயதான அம்மா. பையைப் படியில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, தடங்கலில்லாமல் வாசித்தார்.

ஞாயிறு, கிளாஸ்ஸே

கடைசி அடையாளம். உத்தரிக்கும் மலையின் உச்சியில் ஏதேன் தோட்டம். அங்கே இலைகளின் சலசலப்பு சுருதி போட, பறவைகள் பாடுகின்றன. தென்கிழக்குக் காற்று அவிழ்த்துவிடப்படும்போது ரவென்னாவை ஒட்டிய கிளாஸ்ஸே கடற்கரையின் பைன் காட்டில் கிளைக்குக் கிளை சேர்ந்து எழும் ஓசை போல. நரகத்துக்குச் சொந்த ஊரை எடுத்துக்கொண்டவர், பூலோக சொர்க்கத்துக்கு அடைக்கலம் கொடுத்த ஊரை எடுத்துக்கொண்டார். ஃப்ளோரன்ஸ்காரர்கள் இதை எப்படிப் படிக்கிறார்களோ.

காடு இப்போது மிச்சம்தான். கடலும் தள்ளிப் போய்விட்டது. குடைபோல் விரிந்த பைன்கள், கீழே முட்புதர், சைக்கிள்கள், கொசு. காற்று வந்தபோது ஓசையும் வந்தது: அலைபோல் ஏறி இறங்காமல், ஒரே மட்டத்தில், நிறுத்தாமல் இழைகிற ஓசை. சுருதிப் பெட்டியை யாரோ திறந்து வைத்துவிட்டுப் போனதுபோல. இந்த உவமையை அவர் மேஜையில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

அங்கிருந்து கடற்கரை. ஊர் பெயர் ‘லிடோ தி தாந்தே’. கூடாரம் போட்டுத் தங்கும் இடங்களும் ஐஸ்கிரீமும் நிறைந்த சாதாரணக் கடற்கரைதான். தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி இருப்பது பலகையைப் பார்க்காமல் நடந்த பிறகுதான் தெரிந்தது. நரகத்து ஆன்மாக்களில் பெரும்பாலோர் நிர்வாணமாகத்தான் வருவார்கள், ஆனால் இவ்வளவு சந்தோஷமாக அல்ல. மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பி வேகமாக நடந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால், கடையில் ஆளுக்கொரு பியாதினா ரொட்டி வாங்கினோம். உப்பு சரியாக இருந்தது.